கால்பட்டி போட்டாச்சா?



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, ஒரு பிளேன்டீயோடு வந்து வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் கூட்டாளிமாரோடு நேபாளம் போகிறானாம். அங்கே பொக்கராவில் பராகிளைடிங் பறக்கக் காசும் கட்டிவிட்டானாம். "டீச்சர், ஒங்கட தம்பியும் பறக்கிற ஆள்தானே? பயப்பட ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. "துஆ செய்யுங்க, பாத்துப் பறக்கச் செல்லுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அது பதில் இல்லை என்று அன்றிரவே உறைத்தது. அதோடு, 2024 நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் எங்களோடு மலைக்கு வந்த உங்களில் பலருக்கு நான் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தாத்தா, என்னைய நல்லவனா மட்டும் காட்டாதீங்க" என்றான். என்னையும் அப்படிக் காட்டப் போவதில்லை.

தம்பி அமீரகத்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். அங்கே கூட வேலை செய்கிற ஒரு பாகிஸ்தான் சகோதரரோடு லீவு நாட்களில் பாலைவனத்துக்குப் போய்ப் பராகிளைடிங் பழகியிருக்கிறான். ஆரம்பப் பயிற்சி முடித்து, முப்பது முறைக்குக் கிட்டப் பறந்திருந்தான். எல்லாம் மணல்மேடுகளிலிருந்து. அந்த வருடம் ஏப்ரல் விடுமுறையும் பெருநாளும் ஒன்றாக வந்ததால் ஒரு மாத லீவு எடுத்து வந்தான். கார்கோ பெட்டியில் பால்மா, டேங், கம்பளி எல்லாவற்றுக்கும் அடியில் பெரிய முதுகுப்பை ஒன்று இருந்தது. நாட்டுக்குத் திரும்பிப் போன யாரோ ஒருவர் விற்ற பழைய பறக்கும் சாமான். பாதி விலைக்கும் குறைவு என்று சந்தோஷமாகச் சொன்னான்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பராகிளைடரில் இரும்போ கம்போ இல்லை. அது வெறும் துணி. நைலோன் துணியில் மேலே ஒரு படை, கீழே ஒரு படை, நடுவில் அறை அறையாகத் தைத்திருக்கும். முன் விளிம்பில் அந்த அறைகளுக்கு வாய் இருக்கும். ஓடும்போது அந்த வாய்களால் காற்று உள்ளே போய், துணி ஒரு சிறகு மாதிரி விறைத்து நிற்கும். அந்தச் சிறகிலிருந்து சப்பாத்து லேஸ் அளவுகூட இல்லாத மெல்லிய கயிறுகள் நிறைய இறங்கி, இரண்டு பக்கமும் இரண்டு வளையத்தில் வந்து சேரும். அந்த வளையங்களில்தான் ஆசனத்தைக் கொளுவுவார்கள். ஆசனத்தை ஹார்னஸ் என்பார்கள். அதற்கு மார்புக்கு ஒரு பட்டி, இரண்டு தொடைக்கும் இரண்டு பட்டி. மனுசன் மொத்தமாகத் தொங்குவது துணி, கயிறு, பட்டி, இந்த மூன்றில்தான்.

பையைத் திறந்து சாலையில் விரித்தான். மங்கிப்போன செம்மஞ்சள் நிறம். பின் விளிம்புக்குக் கிட்ட ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.

எங்கள் உம்மாவை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் முப்பது வருடமாகப் பெருநாள் உடுப்புத் தைத்தவர். தம்பி துணியைத் தூக்கிக்கொண்டு போய் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உம்மா, இத ஒரு ஓட்டு ஓட்டித் தாங்களே."

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது சட்டத் துணி இல்ல மகன். மெசினப் போட்டா ஊசி ஓட்ட எல்லாம் வரிசையா நிக்கும். முத்திர கிழிக்கிற மாதிரி அந்த வரிசையிலயே கிழிஞ்சிட்டுப் போகும். நா தைக்க மாட்டேன்."

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். கிழிசல் இல்லாத இடமாகப் பார்த்து, நடுத் துணியை வாயில் வைத்து ஊதினார். மற்றப் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "காத்து வருதே. இது கொசுவல மாதிரி ஈக்கி. காத்தப் புடிச்சி வைக்கிற துணிண்டு செல்றீங்க, இது எப்பிடிப் புடிக்கும்?"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், எட்டாம் வகுப்போடு நின்ற உம்மா செய்த பரிசோதனையைப் பார்த்துச் சிரித்தேன்.

கிழிசலை எப்படி ஒட்டுவது என்று பார்க்கத் தம்பி போனில் கைநூலை இறக்கினான். "இங்கிலீசில ஈக்கி தாத்தா, ஒங்களுக்குத்தானே நல்லா வெளங்கும், வாசிச்சிச் செல்லுங்க." இரண்டு இரவு தராவீஹுக்குப் பிறகு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். அங்கேதான் என் பிழை ஆரம்பமாகிறது. ஏனென்றால் வாசித்ததில் எனக்கு மூன்று விடயம் விளங்கிவிட்டது.

முதலாவது, நிறை. ஒவ்வொரு சிறகிலும் ஒரு சீட்டுத் தைத்திருப்பார்கள். எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை தாங்கச் சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்கும். அது ஆளின் நிறை மட்டுமில்லை. ஆள், ஆசனம், சிறகு, ஹெல்மட், சப்பாத்து எல்லாம் சேர்த்து. இந்தச் சிறகின் சீட்டில் 75 முதல் 95 வரை என்று இருந்தது. தம்பி 84 கிலோ. சாமான் எல்லாம் சேர்த்து 17 கிலோ. தரம் 6 பிள்ளையும் கூட்டிச் சொல்லிவிடும். நிறை கூடினால் சிறகு வேகமாக ஓடும், ஒரு பக்கம் மடிந்தால் மோசமாகச் சுழற்றும். "ஆறு கிலோதானே தாத்தா" என்றான்.

இரண்டாவது, அவசரப் பரசூட். ஆசனத்துக்குள் ஒரு சின்னப் பரசூட்டை மடித்து வைத்திருப்பார்கள். சிறகு மேலே சிக்கிப்போனால் கைபிடியை இழுத்து அதை வீச வேண்டும். அதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், தெரிந்தவர் ஒருவர் திறந்து, காற்றாட விட்டு, மறுபடி மடிக்க வேண்டும். மடித்தபடியே கிடந்தால் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திறக்க நேரம் எடுக்கும். வானத்தில் அந்த நேரம் இருக்காது. உறைக்குள் இருந்த அட்டையில் கடைசியாக மடித்த திகதி நாலு வருடத்துக்கு முந்தியது.

மூன்றாவது, பரிசோதனை. பல கம்பனிகளின் கைநூல்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 100 மணி நேரம் பறந்த பின், எது முந்தி வருகிறதோ அப்போது சிறகைச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்கின்றன. துணியின் வழியே காற்று எவ்வளவு கசிகிறது என்று ஒரு கருவியால் அளப்பார்கள். கயிறுகளின் நீளத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளப்பார்கள். ஒரு கயிறைக் கழற்றி, அறும் வரை இழுத்துப் பலம் பார்ப்பார்கள். துணி கசிந்தால் சிறகு முன்னுக்குப் பறப்பதை விட்டுவிட்டு, விரித்த குடை மாதிரி நேரே கீழே இறங்கத் தொடங்கலாம். எங்கள் சிறகுக்குச் சோதனை அட்டையே இல்லை. உம்மா வாயால் ஊதிப் பார்த்ததைத்தான் அந்தக் கருவி மணிக்கூட்டு வைத்துப் பார்க்கிறது என்று அப்போது விளங்கியது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

ஏனென்றால் நான் முந்தியே ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் அப்பாஸ் இப்னு பிர்னாஸின் கதையைச் சொல்வேன். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூஸின் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர். இறகுகளால் உடம்பை மூடி, சிறகு கட்டி, உயரத்திலிருந்து பாய்ந்து கொஞ்ச தூரம் மிதந்தார் என்று அல்-மக்கரீ என்ற வரலாற்றாசிரியர் பல நூற்றாண்டு கழித்து எழுதி வைத்திருக்கிறார். இறங்கும்போது முதுகில் பலமாக அடிபட்டது. பறவை வாலை வைத்துத்தான் இறங்குகிறது, அவர் வால் செய்யவில்லை என்பது அந்தக் குறிப்பில் உள்ள காரணம். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவருடைய பெயர். அந்த வருடம் கதையைச் சொல்லி முடித்ததும் பெருமை தாங்காமல், "பெருநாளைக்கு மறுநாள் எங்கட தம்பியே பறக்கப் போறார், வந்து பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அன்றே அது வட்சப் குழுக்களில் போய்விட்டது. அதற்குப் பிறகு "வேணாம்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. "மாமா என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரே கெஞ்சல். தம்பியோ, முதலில் தான் பறந்து பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றான். இருவர் பறப்பதற்குப் பெரிய சிறகு வேறு, பயிற்சி வேறு, அனுமதி வேறு. ஒருவர் சிறகில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டு போகவே கூடாது. அதையும் நான் வாசித்திருந்தேன். ஆனாலும் மகனிடம் "இல்லை" என்று தெளிவாகச் சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன்.

பெருநாளைக்கு மறுநாள். லுஹர் முடிந்து எல்லாரும் தோட்டத்து மலைக்கு ஏறினோம். அறுபது, எழுபது பேர் இருப்பீர்கள். மேலே புல்வெளி, கீழே தேயிலை, அதற்கும் கீழே வயல். நடுவில் மின்கம்பி போகிறது. மணல்மேட்டில் கடற்காற்று ஒரே சீராக வரும் என்று தம்பி சொல்லியிருந்தான். எங்கள் மலையில் காற்று அப்படி இல்லை. ஒரு பக்கத்தால் ஏறும், மறு பக்கத்தில் போய்ச் சுருண்டு விழும். ஏப்ரல் மாதப் பகல் வெயிலில் மலைச்சரிவு சூடேறி, காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பின்னேரம் அதே சூடுதான் இடியும் மழையுமாக வரும். இது நாங்கள் ஒவ்வொரு சித்திரையிலும் பார்க்கிற விடயம்தான்.

தம்பி ஆசனத்தைப் போட்டு, மூன்று பட்டியையும் பூட்டி, சிறகை விரித்து ஆயத்தமாக நின்றான். காற்று செத்துவிட்டது. பத்து நிமிடம், இருபது நிமிடம். பிள்ளைகள் போட்டோ எடுக்க வந்தார்கள். யாரோ சோடாப் போத்தல் நீட்டினார்கள். உட்காருவதற்காகப் பட்டிகளைக் கழற்றினான். கதை, சிரிப்பு. திடீரென்று தேயிலைப் பக்கமிருந்து காற்று ஏறியது. "காத்து வந்திட்டு! காத்து வந்திட்டு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நானும்தான். அவன் பாய்ந்து எழும்பி, மார்புப் பட்டியை டக்கென்று பூட்டி, கயிறுகளைக் கையில் எடுத்து ஓட ஆயத்தமானான். போன்கள் எல்லாம் மேலே போயின.

காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கிற பிள்ளைகளின் சப்பாத்து லேஸைப் பார்ப்பது எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். முகத்தைப் பார்க்க முந்தி காலைப் பார்ப்பேன். அன்றும் கண் அங்கேதான் போனது. தம்பியின் தொடைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டி வாலாட்டிக்கொண்டு தொங்கியது.

கைநூலில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே பக்கம் அதுதான். கால்பட்டி போடாமல் கிளம்பினால் தரையில் நிற்கும் வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. மார்புப் பட்டி இறுக்கமாக இருக்கும், எல்லாம் சரி போலத்தான் இருக்கும். கால் தரையை விட்ட அந்த நொடியில்தான் ஆள் ஆசனத்துக்குள்ளால் வழுக்கி, கக்கத்தில் தொங்குவார். ஆசனத்தில் ஏறவும் முடியாது, சிறகைத் திருப்பவும் முடியாது. கை எத்தனை நிமிடம் தாங்கும்? நல்ல அனுபவம் உள்ளவர்களும் இப்படி மௌத்தாகியிருக்கிறார்கள். இப்போது வருகிற பல ஆசனங்களில் கால்பட்டி போடாமல் மார்பைப் பூட்ட முடியாதபடி செய்திருக்கிறார்கள். தம்பி வாங்கியது பழையது.

நான் அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. "கால்பட்டி! கால்பட்டி போடல்ல!"

சிறகு பாதி எழும்பியிருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான். கயிறுகளை விட்டுவிட்டான். சிறகு ஒரு பக்கமாகச் சரிந்து புல்லில் படுத்தது. அவன் அப்படியே உட்கார்ந்தான். கிட்டப் போனபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சரியாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தாத்தா, நா ஓடப் பாத்தேனே" என்றான்.

பூட்டிக்கொண்டு பறக்கலாமே என்று சிலர் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. நிறை கூட, பரசூட் நாலு வருடம் பழசு, துணி காற்றுக் கசிகிறது, இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. ஹெல்மட்டைக் கழற்றி என் மகனிடம் கொடுத்துவிட்டுச் சிறகைச் சுருட்டத் தொடங்கினான். நாங்கள் வீடு வந்து அஸர் தொழுதுவிட்டு நிமிர, மலைக்கு மேலே இடி இடித்தது. அதையும் யாரும் யோசித்திருக்கவில்லை.

அன்றிரவு வீடியோ வந்தது. "பறக்காத பறவை" என்று பெயர் போட்டுச் சிரிப்புச் சத்தத்தோடு. பகிர்ந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் பார்த்தது பயந்துபோன ஒருவனை. உங்களைக் கூப்பிட்ட டீச்சருக்கு எல்லாம் முந்தியே தெரிந்திருந்தது என்பது அந்த வீடியோவில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. உங்கள் பிள்ளைகள் முன்னால் ஒரு மரணம் நடக்க நான் வழி செய்திருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

தம்பி திரும்பிப் போகும்போது பையையும் கொண்டுபோனான். பழகிய இடத்தில் சோதனைக்குக் கொடுத்தான். துணி தோற்றது. இழுத்துப் பார்த்த கயிறும் இருக்க வேண்டிய பலத்துக்கு மிகவும் முந்தியே அறுந்தது. இனிப் பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்திருந்தவர் வெயிலில் விரித்தபடி மணித்தியாலக் கணக்கில் போட்டு வைப்பாராம். பறக்காத நாட்களில் காரின் டிக்கியிலேயே கிடக்குமாம்.

நேபாளம் போகிற பிள்ளைக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் பழகுகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், நான் வாசித்தும் தம்பியிடம் கேட்டும் அறிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

சொந்தச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு:

1. வெயில்தான் முதல் எதிரி. நைலோன் துணியை வெயில் தின்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பறக்கும் நேரம் தவிர மற்ற நேரம் சிறகு பைக்குள் அல்லது நிழலில் இருக்க வேண்டும்.

2. ஈரத்தோடு மடிக்க வேண்டாம். எங்கள் மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும். நிழலில், காற்றோட்டத்தில் காயப் போடுங்கள். வெயிலில் போட வேண்டாம், ஹீற்றர் காட்ட வேண்டாம்.

3. அழுக்கென்றால் சுத்தமான தண்ணீரில் பஞ்சு நனைத்து மெதுவாகத் துடையுங்கள். சவர்க்காரம், சலவைத்தூள், வோஷிங் மெசின் ஒன்றும் வேண்டாம். துணியின் மேல் பூச்சுப் போய்விடும். கடலில் விழுந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காய்ந்தால் துணியையும் கயிறையும் அரிக்கும்.

4. மடிக்க முந்தி உள்ளே மணல், வெட்டுக்கிளி, பூச்சி இருக்கிறதா பாருங்கள். மணல் உரசும். உள்ளே அகப்பட்ட பூச்சி துணியைக் கடிக்கும், கறையும் விடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிப்பு விழாமல் பாருங்கள்.

5. கயிறை மிதிக்க வேண்டாம், முடிச்சுப் போட வேண்டாம், அறுந்ததைக் கட்டிப் பறக்க வேண்டாம். சின்னக் கிழிசல், அதுவும் தையலுக்குத் தள்ளி இருந்தால், அதற்கென்று விற்கிற ஒட்டுத்துணியை இரண்டு பக்கமும் ஒட்டலாம். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் மூலையால் உரியும். தையலில் கிழிந்தால், அல்லது பெரிய கிழிசல் என்றால், தெரிந்த பட்டறைக்குத்தான்.

6. ஒரு தரம் பலமாக அடிபட்ட ஹெல்மட் முடிந்த ஹெல்மட். வெளியே கீறல் மட்டும் தெரியும், உள்ளே நொறுங்கியிருக்கும்.

7. கால்பட்டி முதலில் பூட்டுவது, கடைசியில் கழற்றுவது. நடுவில் யாராவது கூப்பிட்டால், போட்டோ கேட்டால், காற்று வந்துவிட்டது என்று கத்தினால், சோதனையை முதலாவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஆள் பூட்டியாயிற்றா, கயிறு சிக்கலில்லையா, சிறகு சரியாக விரிந்திருக்கிறதா, காற்று சரியா, முன்னால் வானம் காலியா. இந்த ஐந்தும், ஒவ்வொரு முறையும்.

8. காற்றுக்கு மரியாதை கொடுங்கள். இந்தச் சிறகுகள் சாதாரணமாகப் போகிற வேகமே மணிக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர் சொச்சம்தான். காற்று அதைவிட வேகமாக அடித்தால் நீங்கள் முன்னுக்குப் போக மாட்டீர்கள், பின்னுக்குப் போவீர்கள். மலையின் பின்பக்கம்தான் மிக மோசமான இடம். மேகம் கறுத்தால் தரையில் இருங்கள். புது மலை என்றால் அங்கே பறந்து பழகியவரிடம் கேளுங்கள். இங்கே என்றால் உரிய அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. நாங்கள் அதையும் கேட்டிருக்கவில்லை.

காசு கட்டி, ஒரு பைலட்டோடு பறக்கிறவர்களுக்கு:

கூச்சப்படாமல் கேளுங்கள். இருவர் பறக்க அனுமதிப் பத்திரம் இருக்கிறதா, அவசரப் பரசூட் எப்போது மடித்தது, காற்று எப்படி. நல்ல பைலட் கோபிக்க மாட்டார். கோபித்தால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் நிறையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கணுக்காலை மூடுகிற சப்பாத்துப் போடுங்கள், செருப்பு வேண்டாம். உங்கள் கால்பட்டியை அவர் பூட்டினாலும் நீங்களும் கையால் இழுத்துப் பாருங்கள். ஓடச் சொன்னால், கால் தரையை விடும் வரை ஓடுங்கள். பாதியில் உட்காரப் பார்த்து விழுகிறவர்கள் பலர். இன்றைக்குக் காற்று சரியில்லை என்று அவர் சொன்னால் காசைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

தவக்குல் வைப்போம். அதற்கு முந்தி ஒட்டகத்தைக் கட்ட வேண்டும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் ஹெல்மட்டைக் கைப்பிடியில் கொளுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பிள்ளையை டியூசனுக்கு ஏற்றிப் போகிறோம். காஸ் குழாய் வெடித்துக் கிடப்பதைக் கண்டும் அடுத்த மாதம் மாற்றலாம் என்கிறோம். வானத்தில் பறக்கிறவனுக்கு மட்டும் உள்ள விடயமில்லை இது.

தம்பியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அவன் பறப்பதை விடவில்லை. சேர்த்துச் சேர்த்து, தன் நிறைக்கு ஏற்ற, ஆரம்பக்காரருக்கான சிறகும் புது ஆசனமும் வாங்கினான். மலையில் பறக்கவென்று வேறாகப் பயிற்சியும் எடுத்திருக்கிறான். வீட்டுக்குக் கோல் எடுத்து இன்றைக்குப் பறக்கிறேன் என்றால் உம்மா கேட்கிற முதல் கேள்வி, "கால்பட்டி போட்டாச்சா?" இப்போது அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் பாடசாலைக்கு இறங்கும்போதும் மகன் அதைத்தான் கேட்கிறான்.

தோற்றுப்போன பழைய சிறகை அங்கே ஒருவர் 500 திர்ஹத்துக்குக் கேட்டாராம். "சும்மா மணல்ல வெச்சிப் பழகத்தானே" என்றாராம். தம்பி கொடுக்கவில்லை. "வாங்கிறவன் அவருக்கிட்டச் சோதன அட்ட கேக்க மாட்டான் தாத்தா, நா கேக்காத மாதிரி" என்றான். அடுத்த லீவுக்கு அதைத் திரும்ப எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தான்.

உம்மா கத்தரிக்கோலை எடுத்தார். காற்றைப் பிடிக்காவிட்டாலும் தூறலைத் தாங்கும் என்றார். இப்போது எங்கள் ஒழுங்கையில் பாடசாலை போகிற பிள்ளைகளின் பைகளுக்கு மேலே மங்கிய செம்மஞ்சள் நிறத்தில் மழையுறை ஒன்று பார்க்கிறீர்களே, அது அந்தச் சிறகுதான். இன்னும் நாலைந்து உறைக்குத் துணி மிச்சம் இருக்கிறது. தேவைப்பட்டவர்கள் பிள்ளையை உம்மாவிடம் அனுப்புங்கள், காசு வேண்டாம்.

பொக்கரா போகிற மகனின் தாய் இதை வாசித்தால், தயவுசெய்து அவனுக்கு அனுப்பி வையுங்கள். வாசித்துவிட்டு அவன் எனக்கு ஒரு கோல் எடுக்கட்டும்.

வஸ்ஸலாம்.